ஆறு தடங்கள் இரண்டாகும் இடம்

கம்ப்யூட்டரில் ஒரு திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கிறது. மழையின் இரைச்சல் இடமும் வலமும் குறைவின்றிக் கேட்கிறது. பின்னணியில் வயலின்கள் உருக்கமாக இழைகின்றன. ஆனால் கதாநாயகனும் கதாநாயகியும் வாயை அசைக்கிறார்களேயொழிய, அவர்கள் பேசுகிற பேச்சு மட்டும் காதில் விழவில்லை. சேத்தியாத்தோப்புக் கடைவீதியிலோ, புவனகிரியிலோ, சிதம்பரத்திலோ கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவரிடம் இந்த முறையீடு போய்ச் சேரும்போது, "ஸ்பீக்கர் அவுட்டுங்க" என்ற தீர்ப்பையும் வீட்டுக்காரரே கூடவே கொண்டுபோய்விடுகிறார். உண்மையில் ஸ்பீக்கருக்கு ஒரு குறையும் இராது. வீட்டில் இருப்பவை இரண்டே பெட்டிகள். கம்ப்யூட்டரோ, யாரோ எப்போதோ அமைப்பை மாற்றிவிட்ட காரணத்தால், அங்கே ஆறு பெட்டிகள் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. சுற்றொலிப் படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடுப்பெட்டிக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டிருப்பதால், இல்லாத அந்த நடுப்பெட்டிக்கே அது வசனத்தை விசுவாசமாக அனுப்பிவைக்கிறது. அமைப்பில் ஆறு பெட்டிகளைக் குறிக்கும் 5.1 என்றிருப்பதை, இரண்டைக் குறிக்கும் ஸ்டீரியோ என்று மாற்றிய மறுகணம் பேச்சு திரும்பிவிடுகிறது. செலவு ஒரு காசும் இல்லை.

இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு, அதுவே அதிகம். வீட்டில் ஐந்து பெட்டிகளும் ஒரு வூஃபரும் முறையாக இருக்கும். கம்ப்யூட்டர் இரண்டே பெட்டிகள் இருப்பதாக எண்ணிக்கொண்டு மற்ற நான்கையும் பட்டினி போடும். இரண்டு வியாதிகளுக்கும் மூலம் ஒன்றுதான். படத்தின் கோப்பில் தொடங்கி, அதை ஓட்டும் மென்பொருள், விண்டோஸ் அல்லது லினக்ஸ், டிரைவர், மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லு, அதன் ஜாக், ஒயர், ஆம்ப்ளிஃபயர், பெட்டி என்று வரிசையாக நிற்கும் இத்தனை பேரும் ‘தடங்கள் ஆறு’ என்ற ஒரே விஷயத்தில் ஒருமித்திருந்தால்தான் சுற்றொலி சித்திக்கும். நடுவே எவரேனும் ஒருவர் ‘இரண்டு’ என்று சொல்லிவிட்டால், அவருக்குப் பின்னால் நிற்கும் எவராலும் அதை மறுபடி ஆறாக்க இயலாது. ஆகவே இந்தப் பழுதுபார்க்கும் கலை முழுவதும், ஆறு இரண்டாகும் இடம் எது என்று தேடிக் கண்டுபிடிக்கும் கலையே. உடைந்த பொருளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

ஆறு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மனிதனுக்கு இருப்பவை இரண்டே செவிகள் அல்லவா? சிதம்பரம் நடராஜர் கோயிலில் மாலைப் பூஜையின்போது கண்களை மூடிக்கொண்டு நின்றாலும், மணி எந்தத் திசையில் ஒலிக்கிறது என்பதை நாம் சந்தேகத்துக்கு இடமின்றி அறிந்துகொள்கிறோம். இந்த அறிவின் சூட்சுமத்தை 1907-ஆம் ஆண்டில் ராலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விளக்கினார். வலப்புறத்தில் பிறந்த சப்தம் வலச் செவியை முதலில் அடைந்து, தலையைச் சுற்றிக்கொண்டு இடச் செவியைச் சேர்வதற்கு ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் அதிகமாகப் பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது. நம் ஊர் உஷ்ணத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் என்று கொண்டால், அந்தத் தாமதம் ஒரு விநாடியின் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. அவ்வளவு சொற்பமான காலத்தையும் மூளை அளந்துவிடுகிறது. அலைநீளம் தலையைவிடக் குறுகியதாக உள்ள உச்சஸ்தாயி ஒலிகளுக்கு, அதாவது சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றுக்கு, தலையே ஒரு மறைப்பாக நின்று தூரத்துச் செவியில் ஒலியைக் குறைத்துவிடுவதால், அங்கே காலத்துக்குப் பதிலாகப் பலத்தின் வித்தியாசம் திசையைக் காட்டுகிறது. முன்னா பின்னா என்பதை மட்டும் இவ்விரண்டாலும் அறிய முடியாது. அதற்குக் காதுமடலின் மடிப்புகளும் தலையின் சிறு அசைவுகளும் துணைசெய்கின்றன.

80 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளமோ நான்கு மீட்டருக்கும் மேல். அதற்கு முன்னால் நமது தலை ஒரு பொருட்டே அல்ல. சுவர்கள் சூழ்ந்த ஓர் அறைக்குள், அத்தகைய சப்தம் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்லாது. இதனால்தான் வூஃபர் ஒன்றே போதும் என்றும், அதை அறையின் எந்த மூலையிலும் வைக்கலாம் என்றும் ஏற்பட்டது. 5.1 என்ற பெயரில் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் ‘ஒன்று’ இந்த வூஃபர் தடமே. மற்ற ஐந்தும் காதுக்கு எட்டும் ஸ்வரங்கள் அனைத்தையும் சுமக்க, இது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட இடிமுழக்கங்களை மட்டும் சுமப்பதால், அதை முழுத் தடமாக எண்ணாமல் பின்னமாக எழுதினார்கள்.

ஒலியைத் திசையோடு பதிவு செய்யும் வித்தையை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஆலன் புளூம்லைன். இவர் லண்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனியில் இருந்த பொறியாளர். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்க, குரல் மட்டும் வேறோர் இடத்திலிருந்து வருவதைக் கண்டு சலிப்புற்று, இதற்கொரு வழி காணுகிறேன் என்று மனைவியிடம் சொன்னதாக ஒரு வரலாறு உண்டு. 1931-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில் ஸ்டீரியோவின் அடிப்படைகள் ஏறக்குறைய எல்லாமே அடங்கியிருக்கின்றன. 1942-இல், ராடார் பரிசோதனைக்காகச் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியபோது அவருக்கு வயது 38. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் 1933-இல் பிலடெல்பியாவில் வாசித்த வாத்திய கோஷ்டியின் இசையைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டனுக்கு அனுப்பி அங்குள்ள சபையோரைக் கேட்கச் செய்தபோது, இரண்டல்ல, மூன்று தடங்களைப் பிரயோகித்தார்கள். விசாலமான மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்தவருக்கு, நடுவிலிருந்து வரவேண்டிய ஒலி தம் அருகிலுள்ள பெட்டியிலிருந்து வருவதாகவே தோன்றும் ஆதலால், நடுவே மெய்யாகவே ஒரு பெட்டி வேண்டும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். வசனம் நடுப்பெட்டிக்குப் போனதன் பூர்வ கதை இதுதான். தமிழ் ரசிகர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்க வெகுகாலம் பிடித்தது. 1995-இல் குருதிப்புனல் படம் டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வெளிவந்தது. கம்ப்யூட்டரின் பக்கத்தில், சிங்கப்பூரில் 1981-இல் தோன்றிய கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் 1989 முதல் வீடுகளுக்குள் நுழைந்தன. பிற்பாடு ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கியதும், தனி அட்டை வாங்கும் வழக்கம் அருகிப் போயிற்று. அந்த மாற்றத்தோடு ஒரு புதிய குழப்பமும் உள்ளே வந்தது.

அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சேத்தியாத்தோப்பில் கும்பகோணம் சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் கூடத்தை எடுத்துக்கொள்வோம். மேஜையின்மேல் கம்ப்யூட்டர், அதன் அருகே ஆறு ஒயர்கள் புறப்படும் ஓர் ஆம்ப்ளிஃபயர், முன்னால் மூன்று பெட்டிகள், பின்சுவரில் ஆணியடித்து மாட்டிய இரண்டு பெட்டிகள், கீழே வூஃபர். மெக்கானிக் பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுப் பெரியவர் ஆரம்பித்துவிடுகிறார்: "தம்பி, போன வாரம் வரைக்கும் பின்னாடி பொட்டி ரெண்டும் நல்லாத்தான் பாடுச்சு. வைரஸ்னு சொல்லி விண்டோஸ் மாத்திப் போட்டதிலேருந்து ஊமையாப் போச்சு. ரெண்டும் ஒரே நாள்ல எப்படிப் போவும்?" கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பெட்டி போயிருந்தால் பெட்டியைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒருசேரப் போயிருந்தால், அவ்விரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றையே சந்தேகிக்க வேண்டும். பையன் விஷயம் தெரிந்தவன். "பொட்டியைக் கழட்ட வேணாம் சார், மொதல்ல பின்னை மாத்திச் சொருகிப் பாத்துடலாம்" என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிகிறான்.

அங்கே மூன்று ஜாக்குகள் இருக்கின்றன: பச்சை, வெளிர்நீலம், ரோஜா. மைக்ரோசாஃப்ட், இன்டெல் ஆகிய இரண்டு கம்பெனிகளும் வகுத்த ‘பிசி 99’ என்ற விதிகளின்படி, முன்பெட்டிகளுக்குப் பச்சை, வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு நீலம், மைக்குக்கு ரோஜா என்பது சம்பிரதாயம். பின்பெட்டிகளுக்குக் கறுப்பும், நடுப்பெட்டிக்கும் வூஃபருக்குமாக ஆரஞ்சும் தனியே உண்டு. விலையுயர்ந்த மதர்போர்டில் இவை அத்தனையும் இருக்கும். மலிவான மதர்போர்டிலோ மூன்றே ஜாக்குகள்தாம். ஆனால் ஒலிச் சில்லு, கட்டளையிட்டால் தன் ஜாக்குகளின் உத்தியோகத்தை மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் பெற்றது. 5.1 என்று சொல்லிவிட்டால், உள்ளே வாங்கும் நீல ஜாக் பின்பெட்டிகளுக்கு வெளியே தருவதாகவும், மைக்குக்குரிய ரோஜா ஜாக் நடுவுக்கும் வூஃபருக்கும் தருவதாகவும் மாறிவிடும். இந்தக் கட்டளையை இடுவது மதர்போர்டுடன் வரும் பிரத்யேக டிரைவர். விண்டோஸை மாற்றிப் போட்டவர், விண்டோஸ் தானாகவே கொண்டுவந்த பொதுவான டிரைவரோடு நின்றுவிட்டார். அதனிடம் உத்தியோகம் மாற்றும் வசதி பெரும்பாலும் இராது. ஆகவே நீல ஜாக் இப்போது ஒலியைத் தருவதற்குப் பதில் வாங்குவதற்காக வாய் திறந்து காத்திருக்கிறது.

பையன் செய்த பரீட்சை இதைக் கண்ணெதிரே நிரூபிக்கும். ஒரு பாட்டை ஓடவிட்டு, பச்சை ஜாக்கிலிருந்து முன்பெட்டிகளின் பின்னைப் பிடுங்கிவிட்டு, நீலத்தில் இருந்த பின்பெட்டிகளின் பின்னை அங்கே செருகுகிறான். கொடகொடவென்று ஒரு சத்தத்தைத் தொடர்ந்து பின்சுவரிலிருந்து பாட்டு பொழிகிறது. இந்த ஒரு காரியத்தினால் ஒயர், ஆம்ப்ளிஃபயரின் பின்தடம், இரண்டு பெட்டிகள் ஆகிய அனைத்தும் குற்றமற்றவை என்று ஒரே அடியில் விடுதலையாகிவிடுகின்றன. பழுது ஜாக்குக்கு இந்தப்பக்கம் இல்லை, அந்தப்பக்கம். வரிசையை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் குற்றம் என்று கேட்டு, மறுபடி அந்தப் பாதியையும் வெட்டிக் கேட்கும் இந்த முறையைவிடச் சிறந்ததொரு முறையை நான் அறியேன். மதர்போர்டு தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டு, பின்னைச் செருகியதும் திரையில் தோன்றும் ‘எதைச் செருகினீர்கள்?’ என்ற கேள்விக்குப் பின்பெட்டி என்று விடை சொன்னால் வேலை முடிந்தது. அந்தக் கேள்வியைப் படிக்காமலே ‘ஓகே’யைத் தட்டிவிடுவது உலக வழக்கம்; பாதிச் சங்கடங்கள் அந்தத் தட்டலில் பிறந்தவையே. எதற்கெடுத்தாலும் விண்டோஸை மாற்றிப் போடுவதைச் சர்வரோக நிவாரணியாகக் கருதும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. அது ஒரு வியாதியைத் தீர்த்து மூன்று வியாதிகளைத் தருவது.

பின்னை மாற்றியும் பெட்டி பேசவில்லையானால், அப்போது பெட்டியைக் கழற்றலாம். 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்றின் இரு முனைகளையும் பெட்டியின் இரு ஒயர்களில் ஒரு கணம் தொட்டால், உயிருள்ள ஸ்பீக்கர் ‘கறக்’ என்று சொல்லும். செல்லின் நேர்முனை பெட்டியின் சிவப்பில் படும்போது காகிதக் கூம்பு முன்னால் துள்ள வேண்டும். பின்னால் இழுத்தால், உள்ளே ஒயர் மாறி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முன்பெட்டிகள் இரண்டில் ஒன்று மட்டும் இவ்வாறு மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்து, தாழ்ந்த ஸ்வரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் இடம் தெரியாமல் அறை முழுதும் கலைந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக் காற்றில் பின்களும் ஜாக்குகளும் களிம்பேறுவது உண்டு. பின்னை ஜாக்கிலேயே நாலைந்து தடவை திருகினால் அது உரிந்துவிடும். உபயோகிக்காத ஜாக்கில் குளவி மண்கூடு கட்டியிருப்பதையும், மேஜைக்கு அடியில் ஓடும் ஒயரை எலி கடித்திருப்பதையும் எந்தக் கம்பெனிக் கையேடும் சொல்லாது. வெள்ளாற்றங்கரை வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியவை அவையே.

விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குள் சென்று, ஸ்பீக்கரைத் தேர்ந்து, ‘கான்ஃபிகர்’ என்பதை அழுத்தினால் ஆறு பெட்டிகளின் படம் வரும். ஒவ்வொன்றையும் தட்ட, அதற்குரிய பெட்டியிலிருந்து ஓர் ஒலி எழும். லினக்ஸில் ‘ஸ்பீக்கர்-டெஸ்ட்’ என்ற சிறு கட்டளை இதே பணியைச் செய்யும். இந்தப் பரீட்சையில் நடுப்பெட்டியைத் தட்டினால் வூஃபர் உறுமுவதும், வூஃபரைத் தட்டினால் நடுப்பெட்டி முனகுவதும் அபூர்வமல்ல. ஒரே பின்னின் இரண்டு தடங்களில் நடுவையும் வூஃபரையும் எந்த முறையில் இணைப்பது என்பதில் தயாரிப்பாளர்கள் ஒத்துப்போகவில்லை. அத்தகைய வீட்டில் படம் பார்த்தால், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் வூஃபரிலிருந்து வரும். டிரைவரின் அமைப்பில் நடுவையும் வூஃபரையும் இடம் மாற்றும் வசதி இதற்கென்றே பலவற்றில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆறு பெட்டிகளும் பரீட்சையில் தேறிய பிறகும் படத்தில் சுற்றொலி இல்லையென்றால், ஆறு இரண்டாகும் இடம் இன்னும் மேலே இருக்கிறது. இங்கே கணக்கு உதவும். ஒரு தடத்தின் ஒலியை விநாடிக்கு 48,000 தடவை, ஒவ்வொரு தடவையும் 16 பிட்டுகளில் அளந்து எழுதினால், இரண்டு தடங்களுக்கு விநாடிக்கு 15,36,000 பிட்டுகளும், ஆறு தடங்களுக்கு 46,08,000 பிட்டுகளும் ஆகின்றன. சில வீடுகளில் கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும், சிவந்த ஒளியைக் கக்கும் மெல்லிய ஆப்டிகல் கேபிள், சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறைப்படி, சுருக்கப்படாத ஒலியில் இரண்டு தடங்களையே சுமக்கும். ஆனால் டிவிடியில் உள்ள டால்பி டிஜிட்டல் ஒலி, ஆறு தடங்களையும் சுருக்கி விநாடிக்கு 4,48,000 பிட்டுகளுக்குள் அடக்கிவிடுவதால், அந்தச் சுருக்கத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பி ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்கச் சொன்னால் ஆறும் போய்ச் சேரும். மென்பொருள் கெட்டிக்காரத்தனமாகத் தானே பிரித்துவிட்டால் இரண்டுதான் போகும். கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் ஒலி அந்தந்தக் கணத்தில் பிறப்பது. முன்கூட்டிச் சுருக்கிவைத்தது அல்ல. ஆகவே, படத்தில் ஐந்து பெட்டிகளும் பாட, விளையாட்டில் இரண்டே பாடுகின்றன என்று பிள்ளைகள் குறைப்பட்டால் அதை நம்ப வேண்டும். ப்ளூடூத்தில் இசை அனுப்பும் சாதாரண முறையும் இரண்டு தடங்களுக்கு ஏற்பட்டதே. அங்கே தேட வேண்டியது ஒன்றுமில்லை.

எச்.டி.எம்.ஐ. கேபிள் எட்டுத் தடங்களைச் சுருக்காமலே சுமக்கும் சக்தி உடையது. எனினும் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. கொடுத்து, டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வேறொரு ஒயர் இழுத்திருக்கும் வீடுகளில் 5.1 என்ற சொல்லே விண்டோஸில் தோன்றாமல் போகும். கேபிளைச் செருகியவுடன் டிவி தன் திறமைகளைக் கம்ப்யூட்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கிறது; தன்னிடம் உள்ள ஸ்பீக்கர்கள் இரண்டு என்று அது உண்மையைச் சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பி இரண்டு தடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. கேபிளை முதலில் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, அதிலிருந்து டிவிக்குக் கொண்டுபோவதே உசிதம்.

இவை அனைத்துக்கும் மேலே, கோப்பிலேயே இரண்டு தடங்கள்தான் இருந்தால் யார் என்ன செய்ய முடியும்? எம்.பி.3 பாட்டு இரண்டு தடம். உலாவியில் பார்க்கும் காட்சிகள் பெரும்பாலும் இரண்டு தடம். ஹாலிவுட் படத்தில் ஆங்கில ஒலி ஆறு தடமாகவும், அதோடு சேர்ந்த தமிழ் டப்பிங் இரண்டு தடமாகவும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மொழியை மாற்றியதும் பின்பெட்டிகள் அடங்கிவிட, மெக்கானிக்குக்கு ஆள் போகிறது. டிரைவரில் இரண்டு தடங்களை எல்லாப் பெட்டிகளுக்கும் பிரதியெடுத்து நிரப்பும் ஒரு வசதி உண்டு. கடைக்காரர்கள் அதைப் போட்டுக்காட்டி வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துகிறார்கள். கல்யாண வீட்டுக்கு அது சரி. ஆனால் முன்னாலிருந்து வரவேண்டிய குரலைப் பின்னாலிருந்தும் கத்தவைப்பதைச் சுற்றொலி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மெய்யான சுற்றொலியில் பின்பெட்டிகள் பெரும்பொழுது மௌனமாக, அல்லது மிக மெலிதாக, காற்றையும் கூட்டத்தையும் பறவைகளையும் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்.

உறுமல் வேறு ஜாதி வியாதி. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைவது. அதன் சாயல் ஆம்ப்ளிஃபயரில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும். கம்ப்யூட்டருக்கு ஓர் எர்த், கேபிள் டிவி ஒயரின் உறை வழியாக இன்னோர் எர்த் என்று இரண்டு வழிகள் ஏற்பட்டால், அவற்றின் சிறு மின்னழுத்த வித்தியாசமே ஒலியாகிறது. கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. உறுமலை நிறுத்துகிறேன் என்று மூன்று முனைப் பின்னின் எர்த் முனையை ஒடிக்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. உயிருக்கு உலைவைக்கும் காரியம் அது. கரியும் உப்பும் இட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துபோனால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற பழைய உபதேசமே மேல். நெய்வேலி அனல்மின் நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டில் இந்த வட்டாரம் தப்பவில்லை. அத்தகைய நாட்களில் கைகொடுக்கும் மலிவான இன்வெர்ட்டர்களின் மின்சாரம் வளைந்த அலையாக அன்றிச் சதுரமாக ஏறியிறங்குவதால், அதில் 150, 250 ஹெர்ட்ஸ் என்ற உபரி ஸ்வரங்கள் கலந்து, உறுமல் ரீங்காரமாக மாறும். கரண்ட் வந்ததும் ரீங்காரம் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயரைத் திறக்க வேண்டாம்.

கடைசி அங்கம் அறை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய உபந்யாச மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு சப்தம் அடங்க ஐந்தரை விநாடி பிடித்தது. அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து ஆசன மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, அடுக்க அடுக்க எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் அடங்கும் காலம் கிடைக்கும் என்ற சூத்திரத்தைக் கண்டார். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள நமது கூடம் 60 கன மீட்டர். டைல்ஸ் தரையும் சிமென்ட் பூச்சும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கையே உறிஞ்சுவதாகக் கொண்டால், 94 சதுர மீட்டர் பரப்புக்கு உறிஞ்சல் மூன்று சதுர மீட்டர்கூடத் தேறாது. காலியறையில் சப்தம் அடங்க மூன்று விநாடிக்கு மேலாகும். நாலு பேர் உட்கார்ந்து இரண்டு ஜன்னல்களையும் திறந்துவைத்தால் அது ஒன்றேகால் விநாடிக்கு இறங்கும். வசனத்துக்கு அரை விநாடி போதும். பகலில் சுருட்டிவைக்கும் இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரோரம் நிறுத்தி, ஜன்னலுக்குக் கனத்த திரை போடுவது, புதிய பெட்டிகள் வாங்குவதைவிட அதிகப் பலனைத் தரும். கோரைப்பாய் போதாது, மெல்லிய பொருள் தாழ்ந்த ஒலியை உறிஞ்சாது.

பெட்டிகளின் ஸ்தானத்துக்கும் சர்வதேச நியமம் உண்டு: கேட்பவரின் நேர்முன்னால் நடுப்பெட்டி, அதற்கு இருபுறமும் 30 பாகையில் முன்பெட்டிகள், 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்குச் சற்றே பின்னால், பின்பெட்டிகள். நம் கூடங்களில் சோபா பின்சுவரை ஒட்டியே கிடப்பதால், பின்பெட்டிகள் உட்கார்ந்தவரின் தலைக்குமேல் வந்துவிடுகின்றன. ஒரே ஒலி இரண்டு பெட்டிகளிலிருந்து சில மில்லி விநாடி வித்தியாசத்தில் வந்தால், முந்தி வந்ததன் திசையையே காது ஏற்கிறது என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஜெர்மனியில் ஆராய்ந்து காட்டினார். அருகிலுள்ள பின்பெட்டி அந்தப் பந்தயத்தில் எப்போதும் ஜெயிக்கும். ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மில்லி விநாடி என்ற கணக்கில், பின்பெட்டி எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு தாமதத்தை ஆம்ப்ளிஃபயரில் வைத்தால் சமன் ஏற்படும். அந்தச் சமன் ஒரு நாற்காலிக்கு மட்டுமே. தரையில் படுத்துக்கொண்டு பார்க்கும் பிள்ளைகளுக்கு முன்பெட்டியே உலகம்.

இவ்வளவும் சரியான வீட்டில் ஒருநாள் யாரேனும் 1952-ஆம் ஆண்டின் பராசக்தியைப் போடுவார்கள். அது ஒற்றைத் தட ஒலி. அந்த ஒன்றை இடத்துக்கும் வலத்துக்கும் சமமாகக் கொடுத்துச் சேமித்த கோப்பாக இருந்தால், இரண்டு முன்பெட்டிகளும் பேச, குரல் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும், நடுப்பெட்டியோ ஊமையாக இருக்கும். புரோ லாஜிக் என்ற பிரிப்பான் ஆம்ப்ளிஃபயரில் இயங்கினால், இடவலம் இரண்டுக்கும் பொதுவானதை அது நடுவுக்கே தள்ளிவிடுவதால், நடுப்பெட்டி மட்டும் பேசி மற்றவை யாவும் அடங்கிக் கிடக்கும். இரண்டும் சரியே. அன்றைக்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.